தொப்புள்கொடியில் என்ன முதலீடு?



இந்த முறை பழைய நினைவுகள் இல்லை. கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன். இந்த வயதில் கோபப்பட்டால் பிரஷர்தான் ஏறும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏறினால் மாத்திரை இருக்கிறது.

ஸ்டெம் செல் என்ற பெயரைச் சொல்லி நம் பக்கத்தில் இப்போது இரண்டு விதமாகப் பணம் கேட்கிறார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தை உறையவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம், பணம் கட்டுங்கள் என்பது ஒன்று. இந்தத் தொழில் செய்யும் கம்பெனிகளின் பங்கை வாங்கிப் போடுங்கள், பத்து வருடத்தில் பத்து மடங்காகும் என்பது இன்னொன்று. முதலாவது கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு வருகிறது. இரண்டாவது என்னைப்போல ஓய்வுபெற்றவன் இருக்கும் வீட்டுக்கு வருகிறது. இரண்டையும் ‘முதலீடு’ என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் விற்கிறார்கள். நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இரண்டுமே முதலீடு ஆகாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் ஒருவர் பட்டாசு ஆலையில் போர்மேன். அவர் மகளுக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் பார்க்கப் போன இடத்தில் ஒரு பையன் நம்பர் வாங்கிக்கொண்டு, மறுவாரம் டை கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். வழவழப்பான தாளில் பல கலரில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறான். “அண்ணாச்சி, நீங்க பிரெஞ்சு எல்லாம் படிச்ச ஆளு. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. பாப்பா சங்கிலிய வச்சிரலாமான்னு யோசிக்கிறோம்” என்றார் அவர். அரை லட்சத்துக்கு மேல் ஆகும் செலவு. அதுவும் தவணையில். சங்கிலியை அடகு வைத்து முன்பணம் கட்டுவதாகத் திட்டம்.

அதே வாரம் என் மைத்துனரும் பேசினார். சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவர். பணிக்கொடை கையில் இருக்கிறது. “அத்தான், ஸ்டெம் செல் கம்பெனி ஷேர்தான் அடுத்த தங்கமாம். இன்னும் மார்க்கெட்டுக்கே வரலையாம். இப்பவே வாங்கிரணுமாம்” என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததாம்.

நான் டாக்டர் இல்லை. பங்குச்சந்தை நிபுணனும் இல்லை. கருவூலத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். வந்த பில்லை வரி வரியாகப் படித்து, சரியில்லை என்றால் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. இன்னொரு தகுதியும் உண்டு. அப்பா பாண்டிச்சேரியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்ததால், நான் படித்தது அங்கே பிரெஞ்சு மீடியம். விஸ்வநத்தத்தில் உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சு தெரிந்து என்ன பிரயோஜனம் என்று ஐம்பது வருடமாகக் கேலி செய்கிறார்கள். இந்த விஷயத்தில் அது எப்படி உதவியது என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். பொருத்தமான பெயர். வாழைக் குருத்திலிருந்து இலை வருவதுபோல இந்த அணுக்களிலிருந்து வேறு அணுக்கள் உண்டாகின்றன. நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் குருத்தணுக்கள்தான் தினமும் புது ரத்தத்தை உண்டாக்குகின்றன. தொப்புள்கொடி ரத்தத்திலும் இதே வகை அணுக்கள் உண்டு.

அந்த ரத்தம் உயிர் காக்கும் என்பது பொய் இல்லை. 1988-ல் பாரிஸ் சேன் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் என்ற அம்மையார், உலகில் முதன்முறையாகத் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்து மாற்றுச் சிகிச்சை செய்தார். நோயாளி அமெரிக்காவிலிருந்து வந்த சிறுவன். அவனுக்கு ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய். ரத்தம் யாருடையது? அவனுடையது இல்லை. புதிதாகப் பிறந்த அவன் தங்கையினுடையது. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வருகிற பையன் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

பரம்பரை நோய் உள்ள குழந்தையின் சொந்த ரத்தத்திலும் அதே கோளாறுதான் இருக்கும். தலசீமியா குழந்தைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றினால் தலசீமியாவைத்தான் திரும்ப ஏற்றுகிறோம். ரத்தப் புற்றுநோயிலும் சிக்கல் உண்டு. நோயின் விதை சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே ரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால், டாக்டர்கள் பெரும்பாலும் தேடுவது அடுத்தவருடைய பொருத்தமான அணுக்களைத்தான். புத்தகத்தில் எண்பதுக்கு மேற்பட்ட நோய்களின் பட்டியல் போட்டிருந்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது பிறர் ரத்தம். ‘உங்கள் குழந்தைக்கு’ என்ற தலைப்பின் கீழ் அந்தப் பட்டியலைப் போட்டதுதான் சாமர்த்தியம்.

சொந்த ரத்தம் எவ்வளவு பேருக்குப் பயன்படும்? அமெரிக்காவில் ரத்த, மஜ்ஜை மாற்று மருத்துவர்களின் சங்கம் 2008-ல் ஒரு கணக்குச் சொன்னது. முதல் இருபது வயதுக்குள் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் தேவைப்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்றிலிருந்து 2,00,000-ல் ஒன்று வரை. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2024 ஜூலையில் இதை நீளமாக விசாரித்து எழுதியது. 2010-க்குப் பிறகு அந்த நாட்டில் குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டு நடந்ததாகப் பதிவான மாற்றுச் சிகிச்சைகள் இருபதுக்கும் குறைவு. பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் பல லட்சம்.

“விபத்துக் காப்பீட்டிலும் வாய்ப்புக் குறைவுதானே, அதற்குப் பணம் கட்டவில்லையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காப்பீட்டில் விபத்து நடந்தால் பணம் வரும். இதில் நோய் வந்தாலும் பெரும்பாலும் உறையில் இருப்பது உதவாது. நடக்கவே நடக்காத விபத்துக்குப் பிரீமியம் கட்டுவதைவிட இது மோசம். நடந்தாலும் கிளெய்ம் கிடைக்காத பாலிசி இது.

இனி என் பழைய தொழிலுக்கு வருகிறேன். அந்தப் புத்தகத்தை ஒரு பில்லாக நினைத்துப் படித்தேன். எழுதத் தோன்றிய ஆட்சேபணைகள் இவை.

முதல் ஆட்சேபணை, ‘பேங்க்’ என்ற சொல்லுக்கு. பேங்கில் போட்ட பணத்தை நாம் வேண்டும்போது எடுக்கலாம். வட்டி வரும். நாமினி உண்டு. பேங்க் மூழ்கினாலும் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்கிறது, 2020 பிப்ரவரியிலிருந்து. இந்த ‘பேங்கில்’ நாம்தான் வருடா வருடம் கட்ட வேண்டும், அல்லது மொத்தமாக முன்னதாகவே கட்ட வேண்டும். வட்டி கிடையாது. எடுத்து வேறு இடத்தில் மாற்றுவதும் லேசில்லை. இது வாடகைக்கு எடுத்த குளிர்சாதன அறை. வாடகை என்றே சொல்லட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது, காலம். 75 வருடத் திட்டம் என்று போட்டிருக்கிறான். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கே முழுதாக முப்பது வயது ஆகவில்லை. 75 வருடத்துக்கு முன் இருந்த கம்பெனிகளில் இன்று எத்தனை அதே பெயரில், அதே முதலாளியிடம் இருக்கின்றன என்று சிவகாசிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். மேலும் ஒரு குழந்தையின் கொடியிலிருந்து எடுக்கும் ரத்தம் வளர்ந்த ஆள் ஒருவருக்குப் பெரும்பாலும் போதாது. போதாத சரக்கை 75 வருடம் வைத்திருந்து என்ன செய்ய?

மூன்றாவது, பொறுப்பு. சிங்கப்பூரில் கோர்ட்லைஃப் என்ற பெரிய கம்பெனி. பங்குச்சந்தையிலேயே பட்டியலிடப்பட்டது. இந்தியாவிலும் கிளை உண்டு. 2023 நவம்பர் 30 அன்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்த கம்பெனியின் ஏழு தொட்டிகளில் குளிர் சரியாகக் காக்கப்படவில்லை என்றது. ஒரு தொட்டியில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் ரத்தம் பாழாகியிருந்தது. மைனஸ் 150 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய சரக்கு அது. ஐரோப்பாவில் கிரையோ சேவ் என்ற கம்பெனி 2019-ல் நொடித்தபோது, பல நாட்டுக் குடும்பங்கள் நம்பிக் கொடுத்த லட்சக்கணக்கான மாதிரிகள் போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயின. பெற்றோருக்குக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். ஐஸ் பெட்டியில் கரண்ட் போனால் வீட்டில் பால் திரிந்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். அந்தத் தொட்டியை நாம் எங்கே போய்ப் பார்ப்பது?

நான்காவது, ‘அரசு லைசென்ஸ் பெற்றது’ என்ற வரி. இதைப் படித்துத்தான் போர்மேன் மயங்கினார். அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன். “நீங்க வேலை பாக்கிற ஆலைக்கு நாக்பூர் லைசென்ஸ் இருக்கில்ல? இருக்குன்னா வெடிவிபத்தே நடக்காதுன்னு அர்த்தமா? செஞ்ச சரக்கு அம்புட்டும் வித்துரும்னு அர்த்தமா?” சிரித்துவிட்டார். நம் ஊர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுக்கும் உரிமம், ரத்தத்தை எடுத்துச் சுத்தமாகச் சேமிக்கும் முறைக்குத்தான். அது உங்கள் பேரனுக்கு உதவும் என்று எந்த அரசும் கையெழுத்துப் போடவில்லை.

அரசு உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறையை எடுத்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு என்று தனியாரிடம் சேமித்து வைப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் நிலை. பல், கொழுப்பு, நஞ்சுக்கொடி என்று மற்றவற்றைச் சேமிக்கும் வியாபாரத்துக்கு அனுமதியே இல்லை. 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சில் இந்தச் சேமிப்புச் சேவைக்கு இருந்த வரிவிலக்கையும் எடுத்துவிட்டது. மற்ற மருத்துவச் சேவைகளோடு சேர்ந்து விலக்கில் இருந்தது, இப்போது இல்லை. இந்த வரி அந்தக் கலர் புத்தகத்தில் எங்கே?

இப்போது பிரெஞ்சுக்கு வருகிறேன். பிரான்ஸ் நாட்டில் தேசிய நெறிமுறை ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. டாக்டர்கள், தத்துவ அறிஞர்கள், சட்டம் படித்தவர்கள் எல்லாம் உட்கார்ந்து கருத்துச் சொல்லும் குழு. 2002 டிசம்பரில் வந்த அதன் 74-வது கருத்துரை இந்தத் தொப்புள்கொடி வங்கிகளைப் பற்றியது. மொழிபெயர்ப்பு எதுவும் இல்லாமல் மூலத்திலேயே படித்தேன். தனக்கென்று சேமித்து வைக்கும் வணிக வங்கிகளை அது எதிர்த்தது. ஒருவர் கொடுத்து மற்றொருவர் பிழைக்கும் ஏற்பாட்டை அது குலைத்துவிடும் என்று அஞ்சியது. பொது வங்கிகளை வளர்க்கச் சொன்னது. முதல் சிகிச்சை நடந்த நாடே இப்படிச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். 2011-ல் சட்டமும் வந்தது. அங்கே தொப்புள்கொடி ரத்தம் தானமாகத்தான் கொடுக்கலாம். குடும்பத்தில் நோயுற்ற குழந்தை இருந்து, மருத்துவர் தேவை என்று உறுதி செய்தால் மட்டும் அந்தக் குடும்பத்துக்காக எடுத்து வைப்பார்கள். பாரிஸ் பக்கம் குடியேறிய என் பள்ளித் தோழர் ஒருவருக்கு அங்கே மூன்று பேரப்பிள்ளைகள். ஒரு பிரசவத்திலும் யாரும் டை கட்டிக்கொண்டு வந்து பணம் கேட்கவில்லை என்றார்.

நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். மூத்த குழந்தைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, இரண்டாவது பிரசவம் வருகிறது என்றால், அந்தத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வைப்பதில் அர்த்தம் உண்டு. அதை ரத்தநோய் டாக்டர் சொல்ல வேண்டும், விற்பனைப் பையன் இல்லை. அதேபோல, சென்னையில் 2004-ல் தொடங்கிய லைஃப்செல் கம்பெனி 2017-ல் ‘சமூக வங்கி’ என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. உறுப்பினர்களின் சேமிப்பை உறுப்பினர்கள் பகிர்ந்துகொள்ளலாம். தனித்தனியாகப் பூட்டி வைப்பதைவிட அது மேல்தான். ஆனால் அதன் அர்த்தம் என்ன? உதவுவது அடுத்தவர் ரத்தம்தான் என்று தொழிலே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் அது தானம். தானத்துக்கு முன்பணம் எதற்கு, பணம் கட்ட முடியாத குழந்தைக்குக் கதவு ஏன் மூட வேண்டும்?

இன்னொரு செய்தி. இதைப் பாட்டிமார்கள் கவனமாகப் படிக்க வேண்டும். குழந்தை பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் ஒரு நிமிடமாவது, முடிந்தால் மூன்று நிமிடம் வரை பொறுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நேரத்தில் கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குள் போய்விடும். இரும்புச்சத்து சேரும், ரத்தசோகை குறையும். அப்படிப் பொறுத்தால் சேகரிக்கும் பைக்கு ரத்தம் குறைவாகத்தான் மிஞ்சும். பை நிறைய வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அந்த மூன்று நிமிடம் நஷ்டம். நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தசோகை எவ்வளவு என்பது ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும். அந்த ரத்தத்தைப் போட்டு வைக்க உலகத்திலேயே நல்ல பேங்க் குழந்தையின் உடம்புதான். கட்டணம் இல்லை, தவணை இல்லை, கரண்ட் போனாலும் கவலை இல்லை.

சரி, மைத்துனர் விஷயத்துக்கு வருவோம். ‘பங்கு வாங்கலாமா?’

இந்தத் தொழிலில் இரண்டு வகைக் கம்பெனி உண்டு. ஒன்று சேமித்து வைத்து வாடகை வாங்குவது. மற்றது மருந்தாகச் செய்து விற்க முயல்வது. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் ஒன்றின் பெருமையைக் காட்டி மற்றதை விற்கிறார்கள்.

வாடகை வாங்கும் கம்பெனிக்கு லாபம் இருக்கலாம். எங்கிருந்து வருகிறது அந்த லாபம்? யாரையும் குணப்படுத்தி வரவில்லை. பிரசவ நேரத்துப் பயத்திலிருந்து வருகிறது. தர்மத்தை விடுங்கள், வியாபாரமாகவே பாருங்கள். அதன் வாடிக்கையாளர் பிறக்கும் குழந்தைகள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பிறப்பு குறைந்துகொண்டே போகிற ஊரில் தொட்டில் கடை வைப்பது போல இது. இன்னொரு பக்கம், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களிடமிருந்து பாதிப் பொருத்தம் உள்ள மஜ்ஜையையே எடுத்துச் சிகிச்சை செய்யும் முறை கடந்த சில வருடங்களில் நன்றாக வளர்ந்துவிட்டது. அதனால் பல நாடுகளில் தொப்புள்கொடி ரத்தத்தைத் தேடுவதே குறைந்திருக்கிறது. தேவை குறைகிற சரக்கு, வாங்குபவர் குறைகிற சந்தை. இதில் பத்து மடங்கு எங்கிருந்து வரும்?

மருந்து செய்யும் கம்பெனிகள் வேறு ஜாதி. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மதிப்பு வேறு, பணிக்கொடையைக் கொடுப்பது வேறு. அமெரிக்காவில் ஜெரான் என்ற கம்பெனி கரு ஸ்டெம் செல்லை வைத்து முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு உலகின் முதல் சோதனையை 2010 அக்டோபரில் தொடங்கியது. பத்திரிகை எல்லாம் அதே பேச்சு. 2011 நவம்பரில், ஒரே வருடத்தில், பணம் போதவில்லை என்று நிறுத்திவிட்டது. ஸ்டெம்செல்ஸ் என்றே பெயர் வைத்திருந்த கலிஃபோர்னியா கம்பெனி 2016-ல் கடையைக் கட்டியது.

ஜெயித்த கம்பெனி இல்லையா? உண்டு. ஆஸ்திரேலியாவின் மெசோபிளாஸ்ட். 2004-ல் தொடங்கியது. மாற்றுச் சிகிச்சைக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் ஒரு கொடிய எதிர்விளைவுக்கு மருந்து செய்தது. அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் திருப்பி அனுப்பியது. 2023-ல் மறுபடியும் திருப்பி அனுப்பியது. கடைசியில் 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. இப்போது கணக்குப் போடுங்கள். 2004-ல் 58 வயதில் ஓய்வுபெற்ற ஒருவர் அந்தத் தொழிலை நம்பிப் பணம் போட்டிருந்தால், அமெரிக்காவில் முதல் அனுமதி வரும்போது அவருக்கு 78 வயது. இடையில் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும், கண் ஆபரேஷன், பேத்தி கல்யாணம். இது ஜெயித்த கம்பெனியின் கதை என்பதை மறக்க வேண்டாம். நம் நாட்டிலும் பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ், கால் ரத்தக்குழாய் அடைப்பு நோய்க்கு ஒரு மருந்து செய்து 2020-ல் மத்திய அரசின் அனுமதி வாங்கியது. பின்னால் மணிப்பால் குழுமமும் சிப்லாவும் நின்றன. அது பெரிய கை. பத்து வருடம் வருமானம் இல்லாமல் தாங்கும் கை. நம் கை அப்படியா?

சந்தைக்கே வராத பங்கை ‘முன்னாடியே’ வாங்கச் சொல்வது அதைவிட ஆபத்து. விற்க வேண்டும் என்றால் யாரிடம் விற்பது? விலை என்ன என்று யார் சொல்வது? தேக்கு மரத் திட்டத்திலும் ஈமு கோழியிலும் பணத்தை விட்டவர்கள் நம் மாநிலத்தில் கொஞ்சமா? அவர்களும் முட்டாள்கள் இல்லை. வாத்தியார்கள், குமாஸ்தாக்கள், நம்மைப் போன்றவர்கள்தான். மரத்தையும் கோழியையும் கண்ணால் பார்த்துவிட்டே ஏமாந்தார்கள். இதில் பார்க்கக்கூட எதுவும் இல்லை.

சிவகாசிக்காரனுக்கு முதலீடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரன் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய், பூர்ணசந்திர ராயிடம் தீப்பெட்டித் தொழிலைக் கையால் கற்றுக்கொண்டு வந்து, அதன்பிறகுதான் இங்கே தொழிலைத் தொடங்கினார்கள். மருந்து எரியும் வாசனை மூக்கில் ஏறிய பிறகு பணம் போட்டார்கள். அந்த ஊரில் பிறந்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த நாலு வரியைப் படித்துப் பணிக்கொடையைக் கொடுப்பதா?

ஸ்டெம் செல் ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நம் வேலூரைப் பாருங்கள். சி.எம்.சி.யில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களுடைய ரத்தக் குருத்தணுக்களையே எடுத்து, உள்ளே சரியான மரபணுவை ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். முடிவு 2024 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஐந்து பேருக்கும் அந்த நோயால் வரும் ரத்தக்கசிவு நின்றது. கவனித்தீர்களா, இதற்கு யாரும் பிறந்தபோது கொடி ரத்தத்தைச் சேமிக்கவில்லை. வளர்ந்த மனிதர்களின் உடம்பிலிருந்தே எடுத்தார்கள். இதற்கு நம் வரிப்பணம் போயிருக்கிறது. நீங்களும் நானும் ஏற்கெனவே பங்குதாரர்கள்தான். லாபப் பங்கு வராது. அந்த ஐந்து பேர் வேலைக்குப் போவதுதான் வருமானம்.

நண்பர்களே, உங்கள் வீட்டுக்கும் அந்தப் பையன் வருவான். அவனைத் திட்ட வேண்டாம். படித்துவிட்டு டார்கெட்டுக்கு அலைகிற பிள்ளை. ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு நாலு கேள்வி கேளுங்கள். பதிலை வாயால் சொல்ல வேண்டாம், கம்பெனி தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதுவரை எத்தனை பை வைத்திருக்கிறீர்கள்? அதில் எத்தனை, அந்தந்தக் குழந்தைக்கே சிகிச்சைக்காக வெளியே போயிற்று? கம்பெனி மூடினால் சரக்கும் பணமும் என்ன ஆகும்? கொடியை மூன்று நிமிடம் கழித்து வெட்டினால் உங்களுக்குச் சம்மதமா? நான் அந்தப் பையனிடம் போனில் இந்த நாலையும் கேட்டேன். “மேனேஜர்ட்ட பேசிட்டு வரேன் சார்” என்றான். இதை எழுதும்வரை வரவில்லை.

போர்மேன் வீட்டில் இன்னும் முடிவு எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டில், “நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, பணத்தப் பாத்தீங்கன்னு பேச்சு வரும்” என்கிறார்களாம். இந்த வியாபாரத்தின் உண்மையான மூலதனம் அந்த ஒரு வாக்கியம்தான். பாசத்தைப் பணத்தால் அளந்து காட்டச் சொல்வது. கட்ட முடியாத தகப்பனைக் குற்றவாளி ஆக்குவது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

மாப்பிள்ளை வீட்டாரும் இதைப் படிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன். பிள்ளைமேல் பாசம் என்றால் கர்ப்பிணிக்குக் கீரையும் பேரீச்சம்பழமும் இரும்புச்சத்து மாத்திரையும் தவறாமல் கொடுங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் கொடியைப் பொறுத்து வெட்டச் சொல்லிக் கேளுங்கள். அரை லட்சம் இருந்தால் குழந்தை பெயரில் தபால் ஆபீசில் போடுங்கள். பெண் பிறந்தால் செல்வமகள் திட்டம் இருக்கிறது. அதற்கு மேலும் ஸ்டெம் செல்லுக்கு ஏதாவது செய்ய ஆசையிருந்தால், வீட்டில் இருக்கும் இளவட்டங்களை சென்னை தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், காசு கிடையாது. என்றைக்காவது யாரோ ஒரு பிள்ளைக்குப் பொருந்தினால் கூப்பிடுவார்கள். நம் பேரனுக்கே தேவைப்பட்டாலும் இப்படி யாரோ ஒருவர் பதிந்து வைத்ததுதான் உதவும்.

மைத்துனரின் பணம் இப்போதைக்கு சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்துக்குப் போயிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். பத்து மடங்கு ஆகாது. ராத்திரி தூக்கம் வரும்.